சொல்ல வராத நட்சத்திரம்

மனைவி இறந்த சில மாதங்களில் மருத்துவர் எனக்கு மனச்சோர்வுக்கான மாத்திரை எழுதித் தந்தார். மறதி சற்றுக் கூடலாம், தொந்தரவாக இருந்தால் வந்து சொல்லுங்கள் என்றார். உறக்கம் திரும்பியது, ஆனால் சொற்கள் நழுவின. கல்லூரி ஆசிரியனாகப் பேசியே வாழ்ந்த எனக்கு அது அச்சமாக இருந்தது. நாளை அவள் முகமும் நழுவிவிட்டால்? யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட எண்ணினேன்.

அந்த நாட்களில்தான், அவள் கடைசியாகக் கேட்டுக்கொண்டபடி என் பெயருக்கு அர்ச்சனை செய்யப் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன்.

"பேரும் நாளும் பறயணும் சாரே," என்றாள் சீட்டு கொடுக்கும் பெண், மலையாளத்தில்.

பெயரைச் சொன்னேன். அவள் நாள் என்று கேட்ட நட்சத்திரம் வரவில்லை.

பின்னால் தேங்காயுடன் நின்ற நாகர்கோவில்காரர், "சார், பிள்ளையாருக்கே கொட்டாவி வருது, சொல்லிருங்க," என்றார்.

"பூரம்."

"சாரோட நாளாணோ?"

"இல்லம்மா, என் மனைவியோடது. என்னோடதை எப்பவும் அவதான் சொல்லுவா. அவளோடதை நான் சொல்லுவேன்."

சீட்டுப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "சாரமில்ல சாரே, பேரு போதும்," என்று, பரவாயில்லை எனத் தலையசைத்து, சீட்டைக் கிழித்துத் தந்தாள்.

மாத்திரை மறக்கச் செய்தவை சில இருக்கலாம். அவற்றை மருத்துவரிடம் சொல்லியிருக்கிறேன். என் நட்சத்திரம் அவற்றில் ஒன்றல்ல. அது ஒருபோதும் என்னிடம் இருந்ததில்லை. அவளுடையது, கேட்காமலே வந்தது.

மாத்திரையை நிறுத்தவில்லை. என் ஜாதகம் பீரோவில்தான் இருக்கிறது. இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை.