ஹராரிலிருந்து நத்தத்துக்கு: அக்காவின் வரிகள்

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் பெட்டியின் எடை, டிக்கெட் விலை பற்றித்தான். நான் சொல்லப்போவது பழைய பயணம் ஒன்றை. அறுபதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம், எனக்குப் பத்து வயது. எத்தியோப்பியாவின் ஹரார் நகரத்திலிருந்து நத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு அப்பா, அம்மா, நான் மூவரும் போனோம்.

அப்பா ஹராரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வர விடுப்பு கிடைக்கும். அங்கே மழைக்காலத்தில்தான் பள்ளி லீவு என்பதால், நாங்கள் ஊர் வந்து சேரும்போது இங்கே ஆடிக்காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருக்கும்.

ஹரார் வீட்டில் சாயங்காலமானால் பாட்டுதான். ஊரைவிட்டுப் போன ஒரு கிரேக்கக் கடைக்காரரிடம் வாங்கிய வயலினை அப்பா தானே தட்டித் தடவிக் கற்றிருந்தார். கேரளத்துக் கணக்கு வாத்தியார் ஒருவர் வந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் தாளம் போடுவார். அம்மா பாடுவாள். எல்லாருமே அரைகுறை, ஆனால் ஒருநாள் தவறியதில்லை.

அதில் ஒரு பாட்டு மட்டும் விசேஷம். சிறுமலையிலிருந்து குதிரைமேல் வாழைத்தார் ஏற்றி இறக்குகிறவர்களைப் பற்றி, அம்மாவின் அப்பா தன் இரண்டு பெண்களுக்காகவே கட்டியது. தங்கை கேட்க வேண்டும், அக்கா பதில் சொல்ல வேண்டும். அம்மா கேள்வி வரிகளை மட்டும் பாடிவிட்டு நிறுத்திக்கொள்வாள். பதில் வரும் இடத்தில் அப்பா வயலினில் எதையாவது இட்டு நிரப்புவார். மெட்டைச் சொல்லிக் கொடு என்று அவர் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். "அது அக்கா வரி. நான் பாடுனா அக்கா இல்லாத மாதிரி ஆயிரும்" என்பாள்.

பஸ்ஸில் மலையிறங்கி ஜிபூத்திவரை ரயில், அங்கிருந்து பம்பாய்வரை கப்பல், மறுபடி ரயில், சென்னையில் மாறி இன்னொரு ரயில். திண்டுக்கல்லில் இறங்கும்போது கால் தரையில் நிற்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வாசலில் அம்மா எனக்கு மல்லிகை வாங்கினாள். பூக்காரம்மா கூடையை நகர்த்தி, "அக்கா தங்கச்சி வீட்டுக்குத்தான போறீக? அவுகளுக்கும் சேத்து வாங்கிக்கங்கம்மா" என்றார். அம்மா கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டாள். அம்மாவின் அக்கா, என் பெரியம்மாவின் கணவர் முந்தைய வருடம்தான் இறந்திருந்தார். தகவல் ஹராருக்கு வந்து சேர்வதற்குள் பதினாறாம் நாள் காரியமே முடிந்துவிட்டது. அம்மாவால் வர முடியவில்லை. அந்த அழுகையை அவள் பஸ்ஸில்தான் அழுதாள்.

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் இருபது மைலுக்குக் கொஞ்சம் மேல். சாணார்பட்டி, கோபால்பட்டி வழி. வயலின் பெட்டியைப் பார்த்த கண்டக்டர், "என்ன சார், துப்பாக்கியா?" என்றார்.

"பிடில்ப்பா."

"அப்ப டாப்புல போடாதீக. மடியில வச்சுக்கங்க. இந்த ரோட்டுல முட்டையும் பிடிலும் ஒண்ணுதான்."

நத்தத்தில் இறங்கி, புளியமரச் சாலையில் மாட்டுவண்டியில் இரண்டு மைல் போனோம். காமாட்சிப் பெரியம்மா வாசலில் நின்றார். வெறும் நெற்றி. அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுவார் என்று பயந்திருந்தேன். அவர் அழவில்லை. "வா பாக்கியம், கையைக் காலைக் கழுவு" என்றதோடு அடுப்படிக்குள் போய்விட்டார். அதன்பிறகும் அப்படித்தான். வேளாவேளைக்குச் சோறு வரும், பேச்சு வராது. பாட்டைப் பற்றி அம்மா ஒருமுறை மெதுவாக எடுத்தபோது, "தாலி அறுத்தவளுக்குப் பாட்டு என்னடி? பக்கத்து வீட்டுல மச்சாண்டார் இருக்காரு" என்றார். மச்சாண்டார் என்றால் இறந்துபோன பெரியப்பாவின் அண்ணன். மீசையும் மௌனமுமாக இருக்கும் பெரிய மனிதர்.

விடுப்பு கரைந்துகொண்டே போனது. ஒரு சாயங்காலம் அம்மா முற்றத்தில் எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பழக்கத்தில் தன்னை அறியாமல் முதல் வரி வாயில் வந்துவிட்டது.

"மலையேறிப் போனவரே, குதிரைமேல என்ன பாரம்?"

அப்பாவும் பழக்கத்தில் வயலினை எடுத்துப் பதிலை வாசித்தார். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அம்மா பாடுவதை நிறுத்தப் பார்த்தாள்; அப்பா தலையசைத்து, பாடு என்றார். மறுபடி கேள்வி, மறுபடி அவருடைய பதில்.

"மாப்பிள்ளை, அது அப்படி இல்ல."

பெரியம்மா அடுப்படி நிலையில் நின்றிருந்தார். புளி கரைத்த கை, விரல் நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"பெறகு எப்படி மதினி?"

"வாழைத்தாருன்னு இழுத்துக் கீழ எறங்கணும். நீங்க பாட்டுக்கு மேல ஏறிப் போறீக."

"எனக்கு யாரு சொல்லித் தந்தா? ஒங்க தங்கச்சி வாயைத் தொறக்க மாட்டேங்கிறா. ஒங்க வரியாம்."

பெரியம்மா அம்மாவைப் பார்த்தார். "ஏன்டி, அம்புட்டு வருசமாவா பாடாம இருந்த?"

"ஒனக்குன்னு வச்சிருந்தேன்க்கா."

பெரியம்மா புளிக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். பிறகு பாடினார். "பாரமெல்லாம் வாழைத்தாரு, பசியெல்லாம் எனக்குத்தான்." தொண்டை கரகரத்து, நடுவில் உடைந்து, மறுபடி ஏறியது. என் பின்னல் பாதியில் அவிழ்ந்து தொங்கியது. அப்பா வில்லைக் கீழே வைத்துவிட்டார்.

மூன்றாவது பதிலில் வேலிக்கு அப்பால் செருமல் கேட்டது. மச்சாண்டார். பெரியம்மா சட்டென்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார். அன்று இரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. "நம்ம பஸ் ஏறிப் போயிருவோம். இங்க இருந்து பேச்சுக் கேக்கப்போறது அக்காதானே" என்று அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

காலையில் மச்சாண்டார் வந்தார். அப்பா எழுந்து நின்றார்.

"வாத்தியாரே, நேத்துப் பாதியில நிப்பாட்டிட்டீகளே" என்றார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பாமல், கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்டுல எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தாக. குதிரைக்காரன் வீடு வந்து சேந்தானா இல்லையான்னு எம் பொஞ்சாதி ராத்திரி பூரா என்னையக் கேக்கிறா. எனக்கு என்ன தெரியும்? தம்பிக்குத்தான் அந்தப் பாட்டு தெரியும். வீட்டுக்காரி பாடுதுன்னு பெருமையாச் சொல்லுவான்."

உள்ளேயிருந்து, அதுவரை அழாத பெரியம்மா அழுகிற சத்தம் கேட்டது. அம்மா எழுந்து உள்ளே போனாள். மச்சாண்டார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அப்பாவிடம் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் குதிரைக்காரன் வீடு வந்து சேர்ந்தான். விடுப்பு முடியும்வரை தினமும் சேர்ந்தான்.

இனி, போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நத்தம் பஸ்ஸில் வலதுபக்க சன்னலோரம் உட்காருங்கள், சிறுமலை கூடவே வரும். ஆடியில் போனால் வயலின் தந்தி அடிக்கடி அறுந்துபோகும். மாற்றுத் தந்தி கையில் வையுங்கள். தங்கும் நாளைப் பல வீடுகளுக்குப் பங்கு போடாதீர்கள். பேச்சே வராத ஒரு வீடு இருந்தால் அங்கே கூடுதலாக இருங்கள்.

ஒன்று பாக்கி. அடுத்த விடுப்பில் எங்கள் ரயில் விடியற்காலை திண்டுக்கல்லுக்கு வந்தது. எந்த ரயில் என்பதைச் சொல்லி, யாரும் அலைய வேண்டாம், நாங்களே வந்துவிடுகிறோம் என்று அப்பா எழுதியிருந்தார். பிளாட்பாரத்தில் பெரியம்மா தனியாக நின்றிருந்தார். கணவர் போனபிறகு அவர் ஊர் எல்லையைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. முந்தின நாளே பஸ் ஏறி வந்து, ஸ்டேஷனிலேயே படுத்திருந்தாராம். ரயில் நிற்பதற்குள் அம்மா குதித்துவிட்டாள். அதனால் சொல்கிறேன்: எந்த ரயிலில் வருகிறீர்கள் என்பதை ஊருக்குத் தெரியப்படுத்துங்கள். யாரும் வரவேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.