திருவிழா வாரத்தில் ஒரு போன்

கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் பிள்ளைக்காம்பரா டீச்சர். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை என்னிடம்தான் விட்டுவிட்டுப் போவார்கள். வாசலில் ஒவ்வொருத்தியையும் நிறுத்தி, "இருமல் இருக்கா, வயித்தால போச்சா?" என்று கேட்பேன். ஒரே நோய் இரண்டு மூன்று வீட்டில் தெரிந்தால் சுகாதார அலுவலகத்துக்குப் போன் பண்ண வேண்டும். அங்கே மற்றத் தோட்டங்களின் செய்தியோடு சேர்த்துப் பார்த்து, எங்கே எது பரவுகிறது என்று கண்டுபிடிப்பார்கள். ஆனால் காலங்காத்தாலே வயிற்றைப் பற்றி விசாரிக்கிறவளை யாருக்குப் பிடிக்கும்? "ஒண்ணுமில்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஓடுவார்கள்.

மாரியம்மன் திருவிழாவுக்கு முந்திய வாரம் மேல் லயத்து வரிசை வீடுகளில் பிள்ளைகள் சிலருக்கு ஒரே நேரத்தில் பேதி. துணி மாற்றி மாற்றி என் இடுப்பு ஒடிந்தது. அந்த லயத்துப் பீலிக் குழாயில் விழும் தண்ணீர்தான் கோயில் அன்னதானத்துக்கும். கோயில் கமிட்டித் தலைவர் என் சொந்த அண்ணன்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது.

"திருவிழா முடியட்டும் தங்கச்சி. இப்ப சொன்னா சுகாதார ஆபீசு பி.எச்.ஐ. வந்து சமையல நிப்பாட்டிருவாரு. கொழும்புக்கு வேலைக்குப் போன சனமெல்லாம் வந்து இறங்குது. மானம் போயிரும்."

"அந்தச் சனமெல்லாம் சாப்பிட்டுட்டு கக்கூசுக்கு வரிசையில நின்னா மட்டும் மானம் நிக்குமா அண்ணே?"

அண்ணன் எழுந்து போய்விட்டார். நான் போன் பண்ணிவிட்டேன். பயந்துகொண்டேதான்.

மறுநாளே பி.எச்.ஐ. வந்தார். பீலிக்கு மேலே இருந்த தொட்டியின் மூடி பெயர்ந்து கிடந்தது. தொட்டியைக் கழுவிக் குளோரின் போடச் சொன்னார். திருவிழாவை நிறுத்தும் பேச்சே எடுக்கவில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுங்கள் என்றார், அவ்வளவுதான். கூடுதல் விறகு தூக்கியவர்கள் என்னை வாய்விட்டுத் திட்டினார்கள். ஆனாலும் அண்டா அண்டாவாகத் தண்ணீர் கொதித்தது, கரகம் ஊர்வலம் போனது, சனம் வயிறாரச் சாப்பிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேல் லயத்துப் பிள்ளைகளும் தேறிவிட்டார்கள். அண்ணன் மட்டும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவே இல்லை.

மழை பிடித்த பிறகு ஒரு காலை. வழக்கமாக அண்ணி கொண்டுவந்து விடுகிற கடைக்குட்டியை அண்ணனே தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள், வாசலில் நின்ற அத்தனை பெண்களுக்கும் கேட்கும்படி சொன்னார்:

"விடியக்காலையிலருந்து புள்ளைக்கு வயித்தால போகுது. பக்கத்து வீட்டுப் பயலுக்கும் அப்படித்தானாம். மொதல்ல போன் பண்ணு தங்கச்சி."

பின்னால் நின்ற ஒருத்தி, "எம்புள்ளைக்கும் ஒரே இருமல் டீச்சர்" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தியும் ஏதோ சொல்ல வந்தாள்.

பேதிக்குக் கொடுக்கும் ஜீவனி உப்புப் பொடியைக் கரைத்து அண்ணன் கையிலேயே கொடுத்தேன். பிள்ளை மடக்மடக்கென்று குடித்தாள். நான் போனை எடுத்தேன். பேதிச் செய்தி கேட்டு ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்படக் கூடாதுதான்.