சும்மாடும் குண்டலினியும்

குண்டலினி என்ற சொல்லை எங்கே கேட்டாலும் என் கண்முன் வந்து நிற்பது ஒரு சும்மாடுதான். பாம்பும் இல்லை, தாமரையும் இல்லை. பழைய நீலச் சேலையைக் கிழித்து வளையமாகச் சுற்றிய சும்மாடு. விறகையோ குடத்தையோ தலையில் ஏற்றுமுன் உச்சியில் வைத்துக்கொள்ளும் அந்தத் துணிச்சுருளை, மற்ற நேரத்தில் இடுப்பில் செருகி வைத்திருப்பார் சமையலக்கா. கொல்லிமலையில் அப்போது புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு தியான நிலையத்தில் அவருக்குச் சமையல் வேலை, எனக்கு அலுவலக வேலை. அவர் ஆலத்தூர் நாட்டுக்காரர், மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து காலை பஸ்ஸில் வளைவுக்கு வளைவு குடல் புரள ஏறிப் போகிறவள். போனை எடுப்பதும் வருகிறவர்களுக்கு அறை காட்டுவதும் என் பொறுப்பு. பசியோடு சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தால் "வா கண்ணு, குந்து" என்பார் அக்கா. நான் உட்காருவதற்குள் தட்டு வந்துவிடும்.

நிலையத்தை நடத்தியவரை எல்லோரும் குருஜி என்றோம். வாரம் ஒரு மாலை எங்களையும் கூடத்தில் உட்காரவைத்துப் பேசுவார். ஒருநாள் குண்டலினியைப் பற்றிப் பேசினார். முதுகுத்தண்டின் அடியில் ஒரு சக்தி சுருண்டு உறங்குகிறது, பயிற்சியால் எழுப்பினால் தண்டு வழியாகத் தலைக்கு ஏறும் என்றார். வாசலோரம் உட்கார்ந்திருந்த அக்கா இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினார். "இந்தச் சும்மாடாட்டச் சுருண்டு கெடக்குதுங்களா சாமி?" கூடம் கொல்லென்று சிரித்தது. குருஜி சிரிக்கவில்லை. இத்தனை வருடத்தில் இப்படி ஓர் உவமை தமக்கே தோன்றவில்லை என்றார். அதன்பின் அவருடைய பேச்சில் எல்லாம் சும்மாடு வந்தது. வரும்போதெல்லாம் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெட்கப்படுவார்.

உவமையில் ஒரு குறையும் இல்லை. குண்டலம் என்றால் வளையம், காதில் போடுவதும் குண்டலம்தான். வளையமாகச் சுருண்டு கிடப்பவள் குண்டலினி. சித்தர் குகை என்று நாலு பக்கமும் கை காட்டும் மலை இது. அந்தச் சொல்லை நம்பி, மூச்சைக் கட்டி, வாயைக் கட்டி ஒருவர் உட்கார்ந்தால் அது அவருடைய வழி. அந்தச் சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. அதை எடுத்துப் பிறத்தியார் முதுகில் ஒட்டினார்களே, அதுதான் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த மழைக்காலத்தில் அக்காவுக்கு முதுகு எரியத் தொடங்கியது. சாயங்காலமானால் உடம்பு காய்ந்தது. ஆள் இளைத்தார், ரவிக்கை தோளிலிருந்து நழுவியது. முதுகின் நடுவில் ஒரு முண்டு தட்டுப்பட்டது. குருஜியிடம் போய், "முதுவு எரியுதுங்க சாமி, அனலா இருக்குதுங்க" என்றார். குருஜி அந்த முண்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "இது நோய் இல்லை அம்மா. உங்கள் சும்மாடு அவிழ்கிறது. மருந்து போட்டு அமுக்கிவிடாதீர்கள்" என்றார்.

அக்காவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். அதுவரை அந்த இடத்தில் அவருக்குப் பெயர்கூடக் கிடையாது. 'ஏம்மா, காபி', 'ஏம்மா, வெந்நீர்' அவ்வளவுதான். இப்போது நகரத்திலிருந்து வந்தவர்கள் சமையலறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அவர் காலைத் தொட்டார்கள். தொட்ட கையோடு காபியையும் கேட்டார்கள். எரிகிற முதுகோடு அவர் குனிந்து நிமிர்ந்து அத்தனை பேருக்கும் வடித்துப் போட்டார். சக்தி ஏறுகிறவளுக்கு ஒருநாள் லீவு கொடுக்க வேண்டும் என்று ஒரு புண்ணியவானுக்கும் தோன்றவில்லை.

"டவுனுக்குப் போயி ஒரு எக்ஸ்ரே படம் எடுத்துப் பாத்துட்டு வந்துரலாங்க்கா" என்று நான் கெஞ்சினேன்.

"சும்மா இரு கண்ணு. உனக்கு வந்தா அது நோவு. எனக்கு வந்துருக்கறது வேற. மாத்திர போட்டா அமுங்கிப் போயிருமாமா."

"யாருங்க சொன்னது?"

"அவரு சொன்னாரு. எனக்குப் போயி வருமான்னு நானும் ரோசன பண்ணுனேன். வந்துருக்குது பாரு."

அதே சமயத்தில்தான் குருஜிக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. சேலத்துக்கு வண்டி சொல் என்று என்னிடம்தான் சொன்னார்கள். எலும்பு டாக்டரைப் பார்த்து, படம் எடுத்து, கழுத்தில் பட்டை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "உங்களுக்கு ஏறலீங்களா குருஜி?" என்று கேட்டே விட்டேன். "எனக்கு ஏறி முடிந்துவிட்டது பாப்பா" என்று புன்னகைத்தார். அவருக்கு வந்தால் கழுத்துப் பிடிப்பு, அக்காவுக்கு வந்தால் குண்டலினி. அங்கே அந்தச் சொல்லின் பொருள் இவ்வளவுதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

கால் மரத்துப்போகிறது என்று அக்கா சொன்னபோது, சக்தி கீழே இருப்பதையெல்லாம் விட்டுவிட்டு மேலே போகிறது என்றார் குருஜி. சில நாளில் சோற்றுக் குண்டாவை இறக்கும்போது அக்கா அப்படியே மடிந்து விழுந்தார். எழ முடியவில்லை. தியானம் நடக்கிறது, சத்தம் போடாதே என்று என்னை ஒருவர் அதட்டினார். போய்யா என்று சொல்லிவிட்டு, ஜீப் ஓட்டுகிறவரைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகத் தூக்கிப் போட்டுக்கொண்டு மலை இறங்கினோம். வளைவு திரும்பும்போதெல்லாம் அக்கா சும்மாட்டைப் பல்லில் கடித்துக்கொண்டார். பெரியாஸ்பத்திரியில் இளம் டாக்டரம்மா ஒருவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, முதுகெலும்பில் காசநோய், எலும்பு அரித்து நரம்பை அழுத்திவிட்டது என்றார். எரிச்சல் தொடங்கியபோதே வந்திருந்தால் மாத்திரையிலேயே சரியாகியிருக்கும் என்றார். கால் வருமா என்று நான் கேட்டேன். அக்கா கேட்டது வேறு.

"அப்ப அது ஏறவே இல்லீங்களா?"

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கால் போனதற்கு அழாத அக்கா அதற்குத்தான் அழுதார்.

நான் அந்த வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. அக்காவுக்கு மாத்திரையெல்லாம் முடிந்து நோய் போய்விட்டது, கால் மட்டும் வரவில்லை. மகள் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மிளகு ஆய்கிறார். தரை உறுத்துகிறதென்று அடியில் அதே சும்மாட்டைப் போட்டிருக்கிறார். போகும்போதெல்லாம் நான் குருஜியைத் திட்டுவேன், அக்கா தடுப்பார். "நல்ல மனசுலதான் சொன்னாரு, உடு" என்பார். எனக்கு அந்த மனிதர் மேல் வந்த கோபத்தில் பாதி அக்கா மேலும் வரும்.

போன மாதம் குருஜியின் பேச்சு ஒன்று என் போனில் வந்தது. அரங்கு பெரிது, தாடி வெள்ளை, சும்மாடு மட்டும் அதே சும்மாடு. "அந்த மலைத்தாய்க்குச் சக்தி ஏறியது. இன்று அவள் நடப்பதையே துறந்துவிட்டு ஓரிடத்தில் அமர்ந்திருக்கிறாள்" என்றார். கூட்டம் கை தட்டியது. காட்டலாமா வேண்டாமா என்று நான் யோசிக்கவே இல்லை. அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய் அக்கா கையில் போனைக் கொடுத்தேன். முழுவதும் கேட்டார். அந்த இடத்தை இன்னொரு தரம் போடச் சொன்னார்.

"நடக்கறத உட்டுட்டனாமா?" என்றார். பிறகு போனைத் தரையில் கவிழ்த்து வைத்தார். "நான் எங்க கண்ணு உட்டேன்? புடுங்கிக்கிட்டான்."

அவர் குருஜியை 'அவன்' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். மகளைக் கூப்பிட்டு எனக்கு ஒரு மூட்டை குச்சிக்கிழங்கு கட்டச் சொன்னார். பஸ் நிற்கும் இடம் வரை நான்தான் சுமக்க வேண்டும். மூட்டையைத் தூக்கப் போனபோது, கையை ஊன்றி ஒரு பக்கம் சாய்ந்து, அடியிலிருந்து சும்மாட்டை உருவி நீட்டினார்.

"இந்தா, தலைக்கு வெச்சுக்க. இது தலைக்குத்தான்."

வாங்கி உச்சியில் வைத்தேன். நீலம் போய் வெளுத்திருந்தது, நடுவில் நைந்திருந்தது. சூடாக இருந்தது. காலையிலிருந்து ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்த உடம்பின் சூடு, வேறொன்றும் இல்லை.