வேட்டுச் சத்தம் கேட்டால் கொள்ளு

எங்கள் வீட்டுக்காரர் குதிரை வாங்கியபோது நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. மானாவாரிப் பருத்தி கைவிட்ட வருஷத்தில் எந்தக் கிறுக்கனாவது குதிரை வாங்குவானா? உழவுக்கும் ஆகாது, பாலும் கறக்காது. "பங்குனிப் பொங்கலுக்கு நடக்குற குதிரையோட்டத்துல ஒரு தடவையாச்சும் செயிக்கணும்" என்றார். சின்ன வயதிலிருந்தே அந்த ஆசை. மைக்கில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, தோளில் துண்டு போட்டு, கேடயத்தைக் கையில் கொடுக்க வேண்டும். அதற்காகவே பிறந்தவர் மாதிரிப் பேசுவார்.

வாங்கி வந்தது ஒரு செவலைப் பெண்குதிரை. லட்சணம்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் வேட்டுச் சத்தம் ஆகாது. வெம்பக்கோட்டைப் பக்கம் குடியிருந்துகொண்டு வேட்டுக்குப் பயந்தால் பிழைப்பு நடக்குமா? எந்தப் பக்கம் திரும்பினாலும் பட்டாசுக் கம்பெனி. சரக்கைச் சோதிக்க எங்கேயாவது நாலு வெடி போட்டுக்கொண்டே இருப்பார்கள். இவர் முதன்முதலாக ஏறிய அன்றைக்கே ஒரு சத்தம். செவலை ஒரு துள்ளுத் துள்ளியது, இவர் சீமைக்கருவேல முள்ளுக்குள் கிடந்தார். குப்புறப் படுக்கவைத்து முள் எடுத்தவள் நான். எங்கெங்கே எடுத்தேன் என்று எழுதினால் மரியாதையாக இருக்காது.

"வேட்டுக்குப் பயப்படாம நிக்கிற வரைக்கும் இதும்மேல ஏறுனீகன்னா, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முந்தின வருஷப் பந்தயத்தில் விழுந்து இடுப்பொடிந்தவர் இன்னும் கட்டிலோடு கிடந்தார். அவர் பெண்டாட்டி முகத்தை நான் பார்த்திருந்தேன்.

அதற்கு இவர் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, எங்கள் சீமையில் பிறந்தவர்களுக்குத்தான் அப்படியெல்லாம் தோன்றும். என் அண்ணன் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அவனிடம் சொல்லி வெடி வாங்கி வந்தார். தூரத்தில் ஒரு குருவி வெடி, உடனே அவித்த கொள்ளு ஒரு கை. கொஞ்சம் கிட்டத்தில் ஒரு லட்சுமி வெடி, ரெண்டு கை. பிறகு அணுகுண்டு, ஓலைப்பெட்டி நிறையக் கொள்ளு. நான் கொள்ளு ரசம் வைக்கக் கேட்டால் மட்டும் "தீந்துபோச்சு" என்பார்.

தை மாதத்துக்குள் செவலைக்குப் பயம் தெளிந்துவிட்டது. அதோடு நின்றிருந்தால் தேவலை. எங்கே வெடி வெடித்தாலும் அங்கே தனக்குக் கொள்ளு வைத்திருக்கிறார்கள் என்று அது முடிவு செய்துவிட்டது.

தெற்குத் தெருவில் ஒரு சாவு. பாடை கிளம்பும்போது வேட்டுப் போட்டார்கள். செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, கூட்டத்துக்குள் புகுந்து, வேட்டுப் போடுகிறவரின் தோள்பைக்குள் மூக்கை விட்டது. செத்தவரின் பெண்டாட்டி, "ஐயோ, வாயில்லாச் சீவன்கூட ஒங்களத் தேடி வந்திருச்சே!" என்று புதிதாக ஒரு பாட்டம் அழுதாள். அந்த மனிதர் செவலையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பின்னாலேயே ஓடிவந்த இவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். துக்கம் தாங்கவில்லை என்று நினைத்து ரெண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

பங்குனிப் பொங்கலும் வந்தது. ஊரிலிருந்து வெம்பக்கோட்டை அணைக்கரைக்குப் போய்த் திரும்ப வேண்டும். அணைக்கரையில் கால்நடை டாக்டர் நிற்பார். இறங்கி, தண்ணீர் காட்டி, குதிரைக்கு மூச்சு அடங்கிவிட்டது என்று அவர் சொன்னால்தான் மறுபடி ஏறலாம். இடுப்பொடிந்த சம்பவத்துக்குப் பிறகு விழாக் கமிட்டி போட்ட சட்டம் அது. அண்ணனின் பைக் ஹெல்மெட்டை நானே இவர் தலையில் மாட்டிவிட்டேன்.

"மாப்பிள்ளை கணக்கா இருக்கேனா?"

"கூரியர்காரன் கணக்கா இருக்கீக. பாத்துப் போயிட்டு வாங்க."

கிளம்புவதற்கு அடையாளமாக ஒரு வேட்டுப் போட்டார்கள். இது எங்கள் ரெண்டு பேர் புத்திக்கும் எட்டவே இல்லை. மற்றக் குதிரைகள் பறந்தன. செவலை நிதானமாகத் திரும்பி, வேட்டுப் போட்டவரிடம் போய் நின்றது. "ஏலே, அந்தக் குதிரைக்கு யாராச்சும் பாதையக் காட்டுங்கப்பா!" என்று மைக்கில் கத்தினார்கள். ஊரே சிரித்தது. இவர் சாட்டையைத் தொடவில்லை. கழுத்தைத் தடவி, கெஞ்சிக் கூத்தாடி, கடைசி ஆளாகக் கிளப்பிப் போனார்.

நான் அண்ணன் பைக்கில் குறுக்கு ரோட்டில் அணைக்கரைக்குப் போய், தண்ணீர் வாளியும் கொள்ளுப் பெட்டியுமாக நின்றேன். முன்னால் வந்த குதிரைகள் எல்லாம் நுரை தள்ளிக்கொண்டு நின்றன. அப்படி விரட்டியிருந்தார்கள். டாக்டர் ஒன்றையும் விடவில்லை. கடைசியாக, தூரத்தில் ஹெல்மெட் தெரிந்தது. எங்கள் ஊர்ப் புண்ணியவான் ஒருத்தன், "வந்துட்டாருடோய்!" என்று வரவேற்புக்கு ரோட்டின் குறுக்கே நீளமாக ஒரு சரவெடியைப் போட்டுப் பற்றவைத்துவிட்டான்.

அவ்வளவுதான். செவலை காதை நிமிர்த்திக்கொண்டு நாலுகால் பாய்ச்சலில் வந்தது, நேராக அந்த நெருப்பைப் பார்த்து. இவர் கடிவாளத்தை இழுக்கிறார், சாய்கிறார், கத்துகிறார், அது கேட்கவே இல்லை. வெடிக்கு முன்னால் ஓடி நடுரோட்டில் நின்று, "இந்தா கொள்ளு! இங்கன வா! இங்கன இருக்கு கொள்ளு!" என்று பெட்டியைக் குலுக்கிக்கொண்டு அலறினேன். செவலை என் முன்னால் வந்து சட்டென்று நின்றது. இவர் நிற்கவில்லை. அதன் தலைக்கு மேலாக வந்து என் காலடியில் விழுந்தார். கொள்ளெல்லாம் அவர்மேல் கொட்டியது. செவலை அவர் நெஞ்சிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றது.

வழியெல்லாம் நிதானமாக வந்ததால், வாளித் தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் செவலைக்கு மூச்சு அடங்கிவிட்டது. டாக்டர் வந்து பார்த்தார். "குதிரை பிரமாதமா இருக்கு. நீங்க ஏறலாம்" என்றார்.

மற்றவர்கள் எல்லாம் அங்கேயே நிற்கிறார்கள். இவர் ஏறினால் கேடயம் கையில். அண்ணன், "மாப்ள, ஏறுங்க, ஏறுங்க!" என்று குதித்தான். இவர் எழுந்தார். ஏறத்தான் போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இவர் சேணத்து வாரை அவிழ்த்தார்.

"முடிக்கிற எடத்துல இத விடப் பெரிய சரமாப் போடுவாக. ரெண்டு பக்கமும் சனம் நிக்கும், சின்னப் பிள்ளைக நிக்கும். இவ நேரா உள்ள போவா. நான் பழக்குன பழக்கம்."

"போன் போட்டு, வேட்டு வேண்டாம்னு சொல்லிருவோம்" என்று அண்ணன் செல்லை எடுத்தான்.

"பொங்கலுக்கு வேட்டுப் போடாதீகன்னா நம்ம ஊருல எவன் மச்சான் கேப்பான்?"

மூன்று பேருமாக நடந்தே திரும்பினோம், இவரும் நானும் செவலையும். திட்டுவதற்கென்று நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் எங்கே போயிற்றோ, தெரியவில்லை. எனக்கு அவர்மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது. கல்யாணம் ஆன புதிதில்கூட அப்படி வந்ததில்லை. மூச்சு அடங்கிய குதிரைகள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போயின. இவர் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்.

ஊர் எல்லையில் வரும்போது படபடவென்று சரவெடி கேட்டது. மைக்கில் வேறு யாருடைய பேரையோ சொன்னார்கள். செவலை கயிற்றை இழுத்துப் பார்த்தது. இவர் ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அது திரும்பி இவர் முகத்தையே பார்த்தது.

இவர் என்னிடம் பெட்டியைக் கேட்டார். அடியில் ஒரு கைதான் கிடந்தது. அதை வழித்து எடுத்து நீட்டினார்.

"சத்தம் கேட்டுச்சுல்ல புள்ள, குடுக்கணும்ல" என்றார். மைக் இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.