யாருடைய ஏலக்காய்

நாங்கள் வேலை செய்கிற ஏலத்தோட்டத்தில் கடைசிக் காய் எடுப்பு முடிகிற நாளில் பெண்களுக்கு ஆளுக்கு இரண்டு கை ஏலக்காய் கொடுப்பார்கள். சூப்பர்வைசர், காய் உலர்த்தி வைக்கிற ஸ்டோர் வாசலில் நின்று அள்ளிப் போடுவார். நாங்கள் முந்தானையில் வாங்கிக்கொள்வோம். அதற்குச் சீட்டு கிடையாது. பச்சைக் காயை வீட்டு அடுப்புக்கு மேலே பரப்பிக் காயவைப்பதால் புகை வாசனை ஏறிவிடும். கடைக்காரர் வாங்கமாட்டார். வீட்டு விசேஷத்துக்குத்தான் ஆகும்.

மகளுக்குப் போடியில் குழந்தை பிறந்தது. ஏதாவது விசேஷத்துக்கு ஆகும் என்று செலவழிக்காமல் வைத்திருந்த மூன்று வருஷத்துக் காயை ஞானஸ்நானச் சாப்பாட்டுக்குக் கொண்டுபோக எடுத்தேன். ஒரு சின்னத் துணிப்பை நிறைய இருந்தது. அந்தப் பையோடும், பேத்திக்குத் தைத்த வெள்ளைக் கவுன் இருந்த இன்னொரு பையோடும் நானும் வீட்டுக்காரரும் சூரியநெல்லியில் காலை பஸ் ஏறினோம்.

போடிமெட்டுக்கு முன்னால் ஒரு வளைவில் கேரளா போலீஸ் தடுப்பு வைத்திருந்தது. அந்த வாரம் யாரோ ஒரு ஸ்டோரை உடைத்து மூட்டை மூட்டையாகக் காய் எடுத்துப் போயிருந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதை நினைத்தும் நான் பயப்படவில்லை. எங்கள் பைக்கும் அந்த மூட்டைக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் இருந்தேன்.

இளவயதுப் போலீஸ்காரர் ஒருவர் ஏறினார். எங்கள் சீட்டுக்குக் கீழே குனிந்து பையை எடுத்தார். வாசனை பிடித்ததும் முகம் மாறியது.

"இது யாரோட காயி?"

வீட்டுக்காரர் எழுந்து நின்றார். பூட்ஸ் போட்ட யார் வந்தாலும் அவர் எழுந்து நிற்பார்.

"முதலாளியோட காய் சார்" என்றார்.

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் சொல்லிவிட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. நாங்கள் அப்படித்தான் பேசுவோம். குடியிருக்கிற லைன் வீடு முதலாளி வீடு. நடக்கிற வழி முதலாளி வழி. கொடுத்த காயும் முதலாளி காய்தான். அதை எங்களுடையது என்று வெளி ஆளிடம் சொன்னால் நன்றி கெட்ட பேச்சு மாதிரி இருக்கும். அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஒரு தடவைகூட அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

"முதலாளி எங்க?"

"ஊர்ல இருக்கார் சார்."

"பில் உண்டோ?"

இல்லை. எங்களை இறங்கச் சொன்னார்கள். பின்சீட்டில் இருந்த ஒரு அம்மா, "நம்ம தோட்டத்து ஆளுகதான் சார், பாவம், விடுங்க" என்றாள். அவள் பக்கத்துச் சீட்டில் இருந்தவர், "நீயும் கூட இறங்குறியா?" என்று கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்டக்டர் கவுன் இருந்த பையைக் கொண்டுவந்து, தரையில் வைக்காமல், ரோட்டோரக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போனார். பஸ் போய்விட்டது.

அதன்பிறகு எனக்குப் பயமும் இல்லை, வேறு எதுவும் இல்லை. கை கால் எல்லாம் இன்னொருத்தருடையது போல இருந்தது. கல்லின் மேல் இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது விழுந்துவிடக்கூடாது என்பது மட்டும் மனதில் இருந்தது.

நீலத் தார்ப்பாயின் கீழே நாற்காலி போட்டு வயதான ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். இளையவர் அட்டைமேல் தாள் வைத்து எழுதினார். வீட்டுக்காரரிடம் பேர் கேட்டார், அப்பா பேர் கேட்டார், மறுபடியும் யாருடைய காய் என்று கேட்டார். இவர் மறுபடியும் அதையே சொன்னார். எழுத்து எல்லாம் மலையாளம். எங்கள் இரண்டு பேருக்கும் மலையாளம் பேச வரும். படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். இங்கேயே பிறந்தும், பஸ் போர்டைக்கூட நான் எழுத்தைப் படித்துத் தெரிந்துகொள்கிறதில்லை. பஸ்ஸின் நிறத்தையும் அது வருகிற நேரத்தையும் வைத்துத்தான் தெரிந்துகொள்வேன்.

"இவிட ஒரு ஒப்பு இடு. போகாம்" என்று பேனாவை நீட்டினார். கையெழுத்துப் போட்டால் போகலாம்.

வீட்டுக்காரர் பேனாவை வாங்கினார். தோட்டத்தில் எந்தத் தாளை நீட்டினாலும் போட்டுக் கொடுத்துத்தான் பழக்கம்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் வந்தது. முந்தின மழைக்காலத்தில் சர்ச் ஹாலில் சட்ட வகுப்பு என்று ஒன்று வைத்தார்கள். வடையும் டீயும் உண்டு என்றதால் கூட்டம் இருந்தது. நான் கதவுப் பக்கமாகக் கடைசியில் உட்கார்ந்தேன். வக்கீல் அம்மா நிறையச் சொன்னார். போலீஸ் பிடித்தால் எதற்கு என்று சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் கொடுக்க வேண்டும், காசு இல்லாதவர்களுக்கு வக்கீலை அரசாங்கமே வைத்துக் கொடுக்கும். பாதி காதில் விழவில்லை. விசாரணையில் நீங்கள் சொன்னதாகப் போலீஸ் எழுதுகிற வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்றபோது, பக்கத்து லைன் அக்கா எழுந்து, "கையெழுத்தே தெரியாதவ என்ன செய்யிறதும்மா?" என்று கேட்டாள். "கைநாட்டும் வைக்க வேண்டாம்" என்றார் வக்கீல் அம்மா. "அப்ப எனக்கு மைச் செலவு மிச்சம்" என்றாள் இவள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததால்தான் அது மறக்கவில்லை.

"கையெழுத்துப் போட வேண்டியதில்லைன்னு சொன்னாங்க சார்" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

இளையவர் என்னைப் பார்த்தார். "ஆரு சொன்னது?"

"கிளாஸ்ல சொன்னாங்க."

"நீங்க வக்கீலோ?"

"இல்ல சார். காய் எடுக்கிற ஆளு."

வயதானவர் சிரித்துவிட்டார். வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "சும்மா இரு. போட்டா விட்டுருவாங்க" என்றார்.

"என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுக் காட்டுங்க சார்" என்றேன். வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்காமல் போலீஸ்காரரிடம் பேசுவது எளிதாக இருந்தது.

இளையவர் வாசித்தார். அந்தத் தாளில், முதலாளியின் ஏலக்காயை அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போனதாக என் வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டிருந்தார்.

"தெரியாமன்னு நான் சொல்லலையே சார்" என்றார் இவர்.

"பில் இல்லாட்டி பின்னே எப்படி?"

"குடுத்தாங்க சார். எல்லாருக்கும் குடுப்பாங்க."

"அத ஏன் முதல்ல சொல்லல?"

இவர் தாளைப் பார்த்தார். பேனாவைக் கையில் பிடித்தபடியே நின்றார். ஒரு கையெழுத்தில் இந்த மனிதர் திருடராகியிருப்பார். நான் இதைக் கோபத்தோடு எழுதவில்லை. அன்றைக்கும் கோபம் வரவில்லை.

"இவரை அரெஸ்ட் பண்ணியிருக்கா சார்?" என்று கேட்டேன். "அப்படின்னா எதுக்குன்னு சொல்லணுமாம். மகளுக்குப் போன் பண்ணணும்."

"அரெஸ்டொண்ணும் இல்ல" என்றார் வயதானவர். இவர் கையிலிருந்த பேனாவை அவரே எடுத்து இளையவரின் அட்டைமேல் வைத்தார். "முதலாளி நம்பர் குடு."

அவர் முதலாளியிடம் பேசிவிட்டுப் போனை வீட்டுக்காரரிடம் கொடுத்தார். இவர் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்.

"அவ்வளவு காயா குடுத்தோம்?" என்று முதலாளி கேட்டது எனக்கும் கேட்டது.

"மூணு வருசத்துக் காய்ங்கய்யா. பேத்தி விசேஷம்ங்கய்யா."

"சரி, சொல்லிட்டேன். இனிமே இப்படிக் கொண்டுபோகாத."

"கொண்டுபோக மாட்டேங்கய்யா."

எங்களைப் போகச் சொன்னார்கள். கையெழுத்துப் போடவில்லை. காய்ப் பை மட்டும் அங்கேயே இருக்கட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். பொருளை எடுத்து வைத்தால் அதற்கு ஒரு ரசீது கேட்டு வாங்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வகுப்பில் அதைச் சொல்லியிருப்பார்கள். நான் டீ எடுத்துக் கொடுக்கப் போயிருந்த நேரமாக இருக்கும்.

அடுத்த பஸ்ஸில் ஏறி மலையிறங்கிப் போடிக்குப் போனோம். பை எங்கே என்று மகள் கேட்டாள். பஸ்ஸிலேயே வைத்துவிட்டோம் என்றார் இவர். மாப்பிள்ளை கடையில் காய் வாங்கி வந்தார். நல்ல பச்சை நிறம், புகை வாசனை இல்லை. பேத்திக்குக் கவுன் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

வழக்கு ஒன்றும் வரவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. பையும் வரவில்லை. அந்த வருஷம் கடைசி எடுப்பு அன்று சூப்பர்வைசர், "இனிமே காய் கிடையாது. பிரச்சினை ஆகுதுல்ல" என்று ஸ்டோரைப் பூட்டினார். பெண்கள் என்னைப் பார்த்தார்கள். "வக்கீலம்மா, எங்களுக்கும் சேர்த்து வாதாடுங்க" என்றாள் பக்கத்து லைன் அக்கா. யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

இப்போதும் மாதம் ஒரு தடவை பேத்தியைப் பார்க்கப் போகிறோம். பையில் துணி, மாத்திரை, கொஞ்சம் பிஸ்கட் இருக்கும். அந்த வளைவில் தடுப்பு சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. இருந்தாலும் பெரும்பாலும் பஸ்ஸைக் கையைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். ஆனால் வளைவு வருகிறதற்கு முன்னாலேயே வீட்டுக்காரர் பையை மடியில் எடுத்து ஜிப்பைத் திறந்து வைத்துக்கொள்வார்.

"யாரும் கேக்கலையே" என்று ஒருநாள் சொன்னேன்.

"கேட்டா?" என்றார்.

கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தலையை ஆட்டுவார். நேற்றும் பை திறந்துதான் இருந்தது. என் புடவையும் அவர் வேட்டியும் வெளியே தெரிந்தன. தடுப்பில் ஆள் இல்லை. மெட்டு தாண்டி இறக்கம் தொடங்கிய பிறகு நான்தான் ஜிப்பை மூடினேன்.