சிரித்தால்தான் வேலை

ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் நாங்கள் கண்ணிவெடி அகற்றினோம். எங்கள் அணியின் முதலுதவியாளர் என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர், ஆள் நல்ல உயரமான நெடுவல். தினமும் காலையில் ஏதாவது கோமாளி வேலை செய்துகொண்டு வந்து எங்கள் முகங்களைப் பார்ப்பார். சிரிக்காதவரை வெடி நிலத்துக்குள் விடமாட்டார்.

அக்கா இறந்து, முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய காலையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சும்மா நின்றேன்.

"தங்கச்சி, நீர் இண்டைக்குத் தண்ணி அள்ளும்."

"ஏன் அண்ணை? நான் கவனமாத்தான் இருக்கிறன்."

"தலைக்குள்ள நோரட்ரெனலின் எண்டு ஒண்டு சுரக்கும். அளவாச் சுரந்தா கண் கூர்மை. கூடினா பதட்டம்தான், கண் ஒண்டையும் பிடிக்காது. இப்ப சைக்கிள் மணிக்கே துள்ளினீர். என்ர பாதி மீசையைக் காணேல்லை எண்டது உமக்குத் தெரியேல்லை."

அப்போதுதான் பார்த்தேன். இடப்பக்கம் மழுங்க வழித்திருந்தார்.

"உந்த மூஞ்சையை ஆர் பாக்கிறது?" என்று கத்தினேன்.

ஒரு கிழமை தண்ணீர் அள்ளினேன். எட்டாம் நாள் அவர் இரண்டு காலிலும் இடது சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். வெடி நிலத்துக்குள் போடும் முகக்கவசத்தை என்னிடம் நீட்டினார்.

அக்கா போன பிறகு அதுதான் என் முதல் சிரிப்பு. அதற்கு அவருக்கு நன்றி சொல்வதா, அவரோடு சண்டை பிடிப்பதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.