என் கைக்கு அளவெடுத்த மணிக்கூடு

ஓய்வுபெற்ற அடுத்த வாரமே எனக்கென்று ஒரு சுவிஸ் கைக்கடிகாரம் வாங்கினேன். முப்பத்தொரு வருடங்கள் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி, கொட்டாஞ்சேனையில் ஒரு கப்பல் கம்பனியில் வேலை பார்த்தவள் நான். அவ்வளவு காலமும் கட்டியவை புளியங்கொட்டை அளவிலான பெண்கள் கடிகாரங்கள். நேரம் பார்க்க மூக்கருகே கொண்டுபோக வேண்டும்.

கடையில் இருந்த இளைஞன் கல் பதித்த சின்னஞ்சிறு கடிகாரங்களை எடுத்து வைத்தான். நான் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினேன். நீல முகம், கனத்த உருக்குச் சங்கிலி.

"அன்ரி, அது ஜென்ட்ஸ் வொட்ச். அங்கிளுக்கா?"

"இல்லைத் தம்பி, எனக்குத்தான்."

அவன் என் மணிக்கட்டை அளந்து, சங்கிலியில் நான்கு கண்ணிகளைக் கழற்றினான்.

வீட்டுக்கு வந்து நான் கை கால் கழுவுவதற்குள் கணவர் பெட்டியைத் திறந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "எனக்கோ? என்னத்துக்கப்பா இவ்வளவு செலவு?" என்றபடி தன் பழைய கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனமில்லாமல் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

சங்கிலியைச் சுற்றினார். இரண்டு விரல் அகலம் எட்டவில்லை. "கடைக்காரன் பிழையா வெட்டிப்போட்டான். நாளைக்குக் கொண்டுபோய்க் காட்டுவம்."

"பிழையா வெட்டேல்லையப்பா. என்ரை கையைத்தான் அளந்தவன்."

என் கையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். கோபிக்கப் போகிறார் என்று நினைத்தேன். இருமல் வரும்வரை சிரித்தார். "கொண்டா கையை" என்று தானே பூட்டிவிட்டார்.

அதற்குப் பற்றரி கிடையாது. கை அசைய அசைய ஓடும். "நீ கையை ஆட்டிக் கதைக்கிற கதைக்கு உது நூறு வருசம் ஓடும்" என்கிறார் இப்போது. முதல் நாட்களில் கை ஒரு பக்கம் இழுத்தது. இப்போது அந்தப் பாரம் இல்லாவிட்டால்தான் என்னவோ போலிருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போகும்போது, பஸ்ஸில் பக்கத்திலிருந்த முஸ்லிம் பெண் கேட்டாள்: "மிஸ், இது ஹஸ்பண்ட்ட வொட்ச்சா?"

"இல்லை, என்ரை. கேட்டா அவருக்கு இரவல் குடுப்பன்."

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒருமுறை கட்டிப் பார்க்கக் கேட்டாள், கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் கையைத் திருப்பித் திருப்பி, வழுக்கிக்கொண்டு ஓடும் வினாடி முள்ளையே பார்த்திருந்தாள். அவள் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போனதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.